வலது காலை வைத்துப் புறப்படவும்

திருக்கோவிலூர்க்காரனுக்குக் காலின் மகிமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் உலகளந்த பெருமாள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலை வானத்துக்குத் தூக்கியபடி நிற்கிறார். வலக்கையில் இருக்க வேண்டிய சக்கரம் இடக்கையிலும், இடக்கையில் இருக்க வேண்டிய சங்கு வலக்கையிலும் இருக்கும். கை இடம் வலம் மாறியும் கால் தடுமாறவில்லை. மூன்றே அடியில் அளவு வேலை முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் இரண்டு கால்களுக்கு, கணினித் திரையில் நிற்கிற ஒரு செஸ்னா விமானத்தை நடுக்கோட்டில் நேராக உருட்டத் தெரியவில்லை. பெருமாளுக்குக் காலின் கீழே பூமி இருந்தது. எனக்குப் பெடல் இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

பறக்க வேண்டும் என்று ஆசைப்படாத மனிதர் குறைவு. ஓடுதளம் வரை உருண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஒருவரும் இல்லை. சினிமாவில்கூடக் கதாநாயகன் விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த காட்சியில் மேகம் வந்துவிடும். இடையில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் போட்டார் என்பதை எந்த இயக்குநரும் காட்டுவதில்லை. விமான சிமுலேட்டர் வைத்திருக்கிற எல்லோரும் மேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வைத்திருக்கிறோம். பாதிப் பொழுது ஓடுதளத்துக்குப் பக்கத்துப் புல்தரையில் போகிறது. விமானம் ஓட்டுவதில் கடினமான பகுதி வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. இது என் தீர்ப்பு. மேல்முறையீடு செய்ய விரும்புகிறவர்கள் ஒரு ஜோடி பெடலோடு வரலாம்.

நான் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவன். இப்போது அங்கே தட்டச்சு இயந்திரங்களைவிட ஜெராக்ஸ் இயந்திரம்தான் அதிகம் சத்தம் போடுகிறது என்றாலும் ஊருக்கு நான் இன்னும் ‘டைப் மாஸ்டர்’. பத்து விரலுக்கும் வேலை பிரித்துக் கொடுத்து, எந்த விரல் எந்த எழுத்துக்குப் போக வேண்டும் என்று அதட்டியே காலத்தை ஓட்டியவன். அந்தத் தொழிலில் கால்களுக்கு வேலையே கிடையாது. நாற்காலிக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தன.

சென்னையில் கணினி வேலையில் இருக்கும் என் தங்கை மகன், புதுக் கணினி வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தான். அதில் ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டர் இருந்தது. 1990களில் தன்னார்வலர்கள் கூடித் தொடங்கியது. விசைப்பலகையிலேயே ஓட்டலாம். அதில் காற்புள்ளியை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு பிரேக். முற்றுப்புள்ளியை அழுத்தினால் வலது சக்கரத்துக்கு. 2006இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரிலும் முற்றுப்புள்ளிதான் பிரேக். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே முற்றுப்புள்ளி! இலக்கணம் படித்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு மரியாதையே வந்தது.

ஆனால் விசைக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. மெதுவாக அழுத்தினாலும் முழு பிரேக், ஓங்கி அழுத்தினாலும் முழு பிரேக். வாலில் சின்னச் சக்கரம் வைத்த பழைய காலத்து விமானத்தில் அப்படி ஒரு முற்றுப்புள்ளி வைத்தால், விமானம் வாலைத் தூக்கி மூக்கைத் தரையில் குத்திக்கொள்ளும். வால் சுக்கானாகிய ரடருக்கு எண்பலகையில் சுழியமும் என்டரும். கணக்கு எழுதுகிற விசைகளால் காற்றைச் சமாளிக்கச் சொல்கிறார்கள்.

“மாமா, கையால ஓட்டுறத விடுங்க. ரடர் பெடல் வாங்குங்க” என்றான் தங்கை மகன்.

பெடல் என்றால் இரண்டு மிதிகட்டைகள். ஒன்றை முன்னே தள்ளினால் மற்றது பின்னே வரும். இரண்டும் உள்ளுக்குள் இணைந்தவை. இடதைத் தள்ளினால் வாலில் செங்குத்தாக நிற்கிற தகடு இடப்பக்கம் திரும்பி மூக்கை இடப்பக்கம் கொண்டுபோகும். இது ரடர். அதே மிதிகட்டையின் மேல்பகுதியை விரல் நுனியால் முன்புறம் சாய்த்தால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக். ஆக இரண்டு காலிலிருந்து மூன்று செய்திகள் கணினிக்குப் போக வேண்டும்: ரடர் எவ்வளவு, இடது பிரேக் எவ்வளவு, வலது பிரேக் எவ்வளவு. குதிகால் ஒரு மொழி பேசும்போது கட்டைவிரல் இன்னொரு மொழி பேச வேண்டும்.

விலையைப் பார்த்தேன். தொடக்கநிலைப் பெடலே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, அந்தக் காசுக்கு ரெண்டு பெடலோட சைக்கிளையும் சேத்துத் தராங்களே” என்றாள். நியாயமான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. நேராக வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர் என்று எல்லாமும் செய்கிற பட்டறை. நான் தாளில் வரைந்து கொண்டுபோனதைப் பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த வண்டிக்கு மாஸ்டர்?”

“விமானத்துக்கு.”

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “பெயின்ட்டு நீங்க அடிச்சிக்குவீங்களா, நாங்க அடிக்கணுமா?” என்றார்.

நான் கேட்டது பெரிய நுட்பம் ஒன்றும் அல்ல. நடுவில் பேரிங் வைத்த ஒரு குறுக்குச் சட்டம். அதன் இரு நுனியிலும் கீல் வைத்த மிதிகட்டை. காலை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப மொபெட் ஸ்டாண்டு ஸ்பிரிங். விமானம் பிறந்த புதிதில் நிஜ விமானத்திலேயே இவ்வளவுதான் இருந்தது. 1903இல் ரைட் சகோதரர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு, இடுப்பை இடமும் வலமும் நகர்த்தி விமானத்தைத் திருப்பினார்கள். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ உட்கார்ந்து ஓட்டினார். கைக்கு ஒரு கம்பு, காலுக்கு ஒரு குறுக்குச் சட்டம். இடுப்பு வலிக்குப் பயந்தோ என்னவோ, உலகம் முழுக்கப் பிளேரியோ வழியையே பிடித்துக்கொண்டது.

தரையில் உட்கார்ந்தபடி பறக்கிற வித்தையும் பட்டறைக்கு அந்நியமானதல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத் தொழில், பியானோவும் ஆர்கனும் செய்வது. 1920களின் கடைசியில் அவர் ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகளை எடுத்து ஒரு மரப்பெட்டி விமானத்துக்கு அடியில் பொருத்தினார். உள்ளே இருப்பவர் கம்பை அசைத்தால் துருத்தி ஊதி, பெட்டி சாயும், நிமிரும். ஆரம்பத்தில் பொருட்காட்சி விளையாட்டாகத்தான் விலைபோனது. 1934இல் தபால் மூட்டை சுமந்த அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விபத்தில் இறந்தபிறகு ராணுவமே வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் பழகினார்கள். நம் நாடகக் கம்பெனிகளில் காலால் மிதித்துக் காற்று ஊட்டி வாசித்த ஆர்மோனியத்தைப் பார்த்த ஒருவர் அந்தக் காலத்தில் லிங்க் மாதிரி யோசித்திருந்தால், கூத்துக் கொட்டகையிலிருந்தே விமானி புறப்பட்டிருப்பார். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தாத்தா காலத்துத் துருத்தி இன்னும் மூலையில் கிடப்பதாகவும், வேண்டுமென்றால் அதையும் சேர்த்து வெல்டு வைத்துத் தருவதாகவும் சொன்னார். அவசரமாகப் பேச்சை மாற்றினேன்.

மிதிகட்டை எவ்வளவு நகர்ந்தது என்று கணினிக்குச் சொல்ல பொட்டென்ஷியோமீட்டர் வேண்டும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே சாமான்தான். ரேடியோ கடைக்காரர்கள் ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்பார்கள், நான் திருகாணி என்கிறேன். தங்கை மகன் சென்னை ரிச்சி தெருவில் மூன்று வாங்கி, கூடவே அர்டுயினோ என்ற விரல் நீளப் பலகை ஒன்றையும் அனுப்பினான். அந்தப் பலகை மூன்று திருகாணிகளின் நிலையையும் படித்து, ‘நான் ஒரு ஜாய்ஸ்டிக்’ என்று கணினியிடம் பொய் சொல்லும். கணினி நம்பிவிடும்.

கணக்கில் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது. திருகாணி ஏறக்குறைய 300 பாகை சுற்றும். அந்த முழுச் சுற்றைப் பலகை 1,024 படிகளாகப் பிரித்துப் படிக்கும். என் குறுக்குச் சட்டமோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 40 பாகைதான் திரும்புகிறது. அப்படியானால் என் பங்குக்குக் கிடைப்பது சுமார் 136 படிகள். மீதியெல்லாம் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். அதனால்தான் விலை கூடிய பெடல்களில் பல்சக்கரம் வைத்துச் சுற்றைப் பெருக்குகிறார்கள். அல்லது திருகாணியையே ஒழித்துவிட்டு, ஒன்றோடொன்று உரசாமல் காந்தத்தை வைத்தே நிலையை அறியும் ஹால் சென்சார் போடுகிறார்கள். உரசுகிற திருகாணிக்குள் புழுதி போனால் பழைய ரேடியோ கரகரப்பது போலவே விமானத்தின் வாலும் கரகரக்கும். எங்கள் தெருவில் புழுதிக்குப் பஞ்சமே இல்லை.

இதையெல்லாம் வைக்க வீட்டில் கிடைத்த ஒரே இடம் ரேழி. திருக்கோவிலூரில் ரேழிக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் மழை இரவில் ஒதுங்கியது இந்த ஊரில் ஓர் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுக்குத்தான் இடம். நான்காவதாக யாரோ வந்து நெருக்க, அது பெருமாள் என்று தெரிந்தது என்பது ஐதீகம். எங்கள் ரேழியிலும் அதே கணக்கு. ஒருவர் பறக்கலாம், இருவர் உட்கார்ந்து யோசனை சொல்லலாம், மூவர் நின்று சிரிக்கலாம். நான்காவதாக வந்து நெருக்கியவர் பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விமானம் என்றதும் சட்டையைக்கூடப் போடாமல் துண்டோடு வந்துவிட்டார்.

முதல் சிக்கல் மென்பொருளில் இல்லை, இயற்பியலில் இருந்தது. வலது பெடலை அழுத்தினேன். பெடல் நகரவில்லை, நான் பின்னால் போனேன். உருளும் நாற்காலி, வழவழப்பான டைல்ஸ் தரை, எதிர்வினை பற்றிச் சொன்ன நியூட்டன் ஆகிய மூவரும் சேர்ந்து என்னைத் திண்ணை வரை அனுப்பிவைத்தார்கள். உலகம் முழுவதும் பெடல் வாங்கியவர்கள் சந்திக்கிற முதல் அனுபவம் இது என்று தங்கை மகன் ஆறுதல் சொன்னான். பெடலைப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கலாம், ரப்பர் பாய் விரிக்கலாம், நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றலாம். மனைவி மாட்டுக்கொட்டகையிலிருந்து தாம்புக்கயிற்றைக் கொண்டுவந்து நாற்காலிக் காலைப் பெடல் சட்டத்தோடு கட்டினாள். “இப்ப எங்கயும் ஓடாது” என்றாள். நாற்காலியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அடுத்து விமானத்தைக் கிளப்பினோம். இன்ஜின் ஓடியது, விசிறி சுற்றியது, விமானம் நின்ற இடத்திலேயே வலப்பக்கமாக வட்டம் போட ஆரம்பித்தது. காலை எடுத்தேன், இன்னும் வேகமாக வட்டம் போட்டது.

“ஹேண்ட் பிரேக் எடுத்தியா தம்பி?” என்றார் டிரைவர் அண்ணன்.

“எடுத்தாச்சு அண்ணே.”

“அப்ப வலது டிரம்மு புடிச்சிருக்கு.”

ஐம்பது சதம் சரியான நோய்க்கணிப்பு. வலது பிரேக் பிடித்துத்தான் இருந்தது; ஆனால் டிரம்மில் அல்ல, எண்களில். இரண்டு மிதிகட்டையிலும் திருகாணிகளை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பொருத்துவதுதான் வசதி. அப்படிப் பொருத்தினால் காலை அழுத்தும்போது ஒன்று கடிகார முள் சுற்றும் திசையில் திரும்பும், மற்றது எதிர்த்திசையில். ஒன்று ‘கால் வைத்திருக்கிறார்’ என்று சொல்லும்போது மற்றது ‘காலை எடுத்துவிட்டார்’ என்று சொல்லும். கணினி இரண்டையும் நம்பும். கடையில் வாங்குகிற பெடல்களிலும் இந்தக் கூத்து உண்டு. அங்கே இரண்டு பிரேக்கும் சேர்ந்தே தலைகீழாக இருக்கும். காலை எடுத்தால் பிரேக், அழுத்தினால் விடுதலை. இன்ஜினை முழு வேகத்தில் முறுக்கியும் விமானம் அசையாமல் நிற்கிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து ஒன்றுதான். கட்டுப்பாட்டு அமைப்பில் அந்த அச்சுக்கு நேராக இருக்கும் ‘ரிவர்ஸ்’ கட்டத்தில் ஒரு டிக்.

நான் டிக் போடப் போனபோது மனைவி கையைப் பிடித்தாள். “எடப்பக்கமா சுத்தினாத்தாங்க தப்பு. பிரதட்சணமாத்தான சுத்துது? ஒரு சுத்து முடியட்டும்.”

முடியவிட்டேன். திருவண்ணாமலைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு வலம் வருகிற ஒன்றை நடுவில் நிறுத்த எனக்கும் மனம் வரவில்லை.

டிக் போட்டபின் இன்னொரு பூதம் கிளம்பியது. கணினியைப் புதிதாகத் திறந்ததும் இரண்டு பிரேக்கும் பாதி பிடித்தபடி இருந்தன. பல பெடல்களுக்கு இப்படி ஒரு சுபாவம் உண்டு. நாம் ஒருமுறை மிதிக்கும் வரை பெடல் வாய் திறக்காது. வாய் திறக்காததால் கணினி அதைப் பாதி வழியில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பறப்பதற்கு முன் இரண்டு பெடலையும் ஒருமுறை முழுதாக மிதித்துவிட்டால் சரியாகிவிடும். பிறகு கால் சும்மா மேலே கிடந்தாலே பிரேக் லேசாகப் பிடிக்கிற தொல்லை. அதற்கு ‘டெட் ஸோன்’ என்று ஓர் இடைவெளியைக் கொடுக்க வேண்டும். முதல் சில சதவீத அழுத்தத்தைக் கணினி கண்டும் காணாமல் விட்டுவிடும். நிஜ விமானிகளுக்கு இது பழக்கத்திலேயே வருகிறது. புறப்படும்போது குதிகால் தரையில் இருக்கும், பாதம் பெடலின் கீழ்ப்பகுதியில். பிரேக் வேண்டும்போதுதான் பாதத்தை மேலே ஏற்றுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வால் தன்னிஷ்டத்துக்கு ஆடியது. கைக்கம்பான ஜாய்ஸ்டிக்கை முறுக்கினாலும் ரடர் அசையும்படி மென்பொருள் தானாகவே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஒரே வாலுக்கு இரண்டு எஜமானர்கள். போதாததற்கு, பெடல் இல்லாதவர்களுக்கு உதவியாக ‘ஆட்டோ ரடர்’ என்ற மூன்றாவது எஜமானர். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அந்த விமானத்தின் நிலைமை நன்றாகப் புரிந்தது. இரண்டு பேரை நீக்கினேன். வால் நிம்மதியாக மூச்சுவிட்டது.

அப்புறம் என் கால்கள். சைக்கிள் ஹேண்டில்பாரில் இடது கையை முன்னே தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். ரடர் பெடலில் இடது காலை முன்னே தள்ளினால் விமானம் இடப்பக்கம் திரும்பும். ஊரில் எந்தச் சந்து எங்கே முடியும் என்று சைக்கிளில் கற்றுக்கொண்ட உடம்பு இது. மூளை ‘இடது’ என்று சொன்னால் கால் சைக்கிள் கணக்கைப் போட்டு வலதை அழுத்துகிறது. டிரைவர் அண்ணனின் கால்களில் வேறு ஒரு கணக்கு குடியிருந்தது. உட்கார்ந்ததும் இடது காலால் கிளட்சை மிதித்தார். விமானம் இடப்பக்கப் புல்லில் இறங்கியது. பதறிப்போய் வலது காலால் பிரேக்கை மிதித்தார். விமானம் புல்லிலிருந்து ஏறி, தளத்தைக் குறுக்கே தாண்டி, மறுபக்கப் புல்லில் இறங்கியது. இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார். இரண்டும் இணைந்த சட்டம் என்பதால் எதுவும் நகரவில்லை.

“கியரும் இல்ல, கிளட்சும் இல்ல. இத எப்படித் தம்பி ஓட்றான்?” என்றார் வருத்தமாக. பேருந்தையும் பேருந்தில் ஏறியவர்களையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர் கண்ணில் முதல்முறையாக ஒரு பயத்தைப் பார்த்தேன்.

காலில்தான் பிரேக் இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை என்று அவரைத் தேற்றினேன். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பிரேக் கைப்பிடியில்தான், சைக்கிள் பிரேக் இருக்கிற இடத்தில். 2025 செப்டம்பரில் நம் விமானப்படை வழியனுப்பி வைத்த மிக் 21லும் பிரேக் நெம்புகோல் கைக்கம்பில்தான். எந்தப் பக்கச் சக்கரத்துக்கு அதிகம் போக வேண்டும் என்பதைப் பெடல் முடிவு செய்யும். “அப்ப சைக்கிள் தெரிஞ்சவனுக்கு மிக்கு ஓட்ட வரும்” என்று அண்ணன் முடிவுக்கு வந்தார். மறுக்கவில்லை. விமானப்படை கவலைப்பட வேண்டிய விஷயம் அது.

புறப்படும்போது வலது காலை அழுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன பாடம். பெரும்பாலான சிறு விமானங்களில் விசிறி, விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். அது பின்னால் தள்ளுகிற காற்று உடலைச் சுற்றிச் சுருண்டுபோய் வாலின் இடப்பக்கத்தில் மோதும். வால் வலப்பக்கம் ஒதுங்கும்; மூக்கு இடப்பக்கம் ஓடும். மூக்கை உயர்த்தி ஏறும்போது கீழிறங்குகிற வலப்பக்க அலகு கூடுதலாகக் காற்றைக் கடித்து இதே தப்பை இன்னும் பெரிதாக்கும். எனவே முழு வேகம் கொடுத்தவுடன் வலது கால். பயிற்சியாளர்கள் உலகெங்கும் கத்திக் கத்தித் தொண்டை வற்றுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். “அதுக்கு எதுக்குங்க இவ்வளவு விளக்கம்? எதுக்குக் கிளம்புனாலும் வலது காலத்தான வெப்பாங்க” என்றாள் மனைவி. ஆனால் ஸ்பிட்ஃபயரில் பிற்பாடு கிரிஃபன் இன்ஜின் வைத்தபோது விசிறி எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. பழகிய விமானிகள் வலது காலை அழுத்த, விமானம் வலப்பக்கமே பாய்ந்தது. அதற்கு இடது காலைத்தான் வைக்க வேண்டும். அந்த விமானம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வர முடியாது.

எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு, அதோடு சரி. அதனால் நாங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து கிளம்புகிறோம். தளம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், செஸ்னாவுக்கு அது தாராளம். ஒரு சௌகரியம், புதுச்சேரியும் திருக்கோவிலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஏறியதும் நேர் மேற்கே மூக்கை வைத்தால் போதும். விழுப்புரம் சந்திப்பின் தண்டவாளங்கள் கீழே போகும், தென்பெண்ணை தெரியும், சுமார் இருபது நிமிடத்தில் ஊர் வந்துவிடும். பேருந்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை டிரைவர் அண்ணன் முன்னால் பேசுவதில்லை.

இதற்கு 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரை மாட்டியிருக்கிறோம். செயற்கைக்கோள் படத்தைத் தரையில் விரித்து, கட்டடங்களைக் கணினியே ஊகித்து எழுப்புகிற ஏற்பாடு. மெல்போர்ன் நகரத்தில் ஓர் இரண்டு மாடி வீட்டை, வரைபடத்தில் யாரோ தவறாகத் தட்டச்சு செய்ததால், 212 மாடிக் கோபுரமாக்கி வானத்தில் நிறுத்திய மென்பொருள் இது. தட்டச்சுப் பிழையால் என்ன ஆகும் என்று என் மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆஸ்திரேலியாவுக்கு 210 மாடியை இலவசமாகக் கொடுத்த கணினி, எங்கள் பதினொரு நிலை ராஜகோபுரத்தைச் சாதாரண மொட்டைமாடிக் கட்டடமாக ஊகித்திருக்கிறது. ஆற்றுக்கு நடுவே கபிலர் குன்று கோலம் போட்ட மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. கோபுரத்தைக் காணாமல் மனைவிக்கு ஊரே பிடிபடவில்லை. நான் இடப்பக்கம் சாய்ந்து வட்டமடித்துக் காட்டினேன்.

அங்கேதான் பெடல் தன் பெருமையைக் காட்டுகிறது. இடப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் ஓரத்தகடு கீழிறங்கும். அது இறக்கையைத் தூக்கவும் செய்யும், காற்றைப் பிடித்து இழுக்கவும் செய்யும். அதனால் திரும்ப வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிராக மூக்கு ஒரு கணம் வலப்பக்கம் நழுவும். இதைக் காட்டிக்கொடுக்க முகப்புப் பலகையில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் திரவம், அதற்குள் ஒரு குண்டு. குண்டு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கக் காலை அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும். வேறு சூத்திரம் வேண்டாம். டிரைவர் அண்ணன் இதை மட்டும் முதல் பார்வையிலேயே பிடித்துக்கொண்டார். மலைப்பாதைத் திருப்பத்தில் நிற்கிற பயணி எந்தப் பக்கம் சாய்வார் என்பதை முதுகாலேயே உணர்ந்து ஓட்டியவர். கல்வராயன் மலையின் மடிப்புகளுக்குள் அவர் செஸ்னாவைத் திருப்பும்போது குண்டு நடுவை விட்டு அசைவதில்லை. என் குண்டு ஊஞ்சலாடுகிறது.

தரையிறங்கியதும் முறை மாறுகிறது. வேகம் இருக்கும் வரை ரடரே விமானத்தை நேராக வைத்திருக்கும்; காற்று வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேகம் குறையக் குறைய வாலுக்குப் பிடிமானம் போய், மூக்குச் சக்கரமும் பிரேக்கும் பொறுப்பேற்கும். செஸ்னா 172இல் பெடலால் மூக்குச் சக்கரம் பக்கத்துக்குப் பத்துப் பாகைதான் திரும்பும். கூடவே ஒரு பக்கத்துப் பிரேக்கை அழுத்தினால் முப்பது வரை போகும். சிர்ரஸ், டைமண்ட் போன்ற சில விமானங்களில் மூக்குச் சக்கரத்துக்கும் பெடலுக்கும் தொடர்பே இல்லை, சும்மா உருளும். தரையில் மெதுவாகத் திருப்ப வேண்டுமானால் ஒரு பக்க பிரேக்தான் வழி. அண்ணன் இந்த மாதிரி விமானங்களைத் தொட மறுக்கிறார். பிரேக் என்பது நிறுத்துவதற்கு, திருப்புவதற்கு அல்ல என்பது அவருடைய உத்தியோகக் கொள்கை.

“அப்ப நூத்தம்பது பேர ஏத்திக்கினு போற பெரிய வண்டியயும் இப்படித்தான் பிரேக்கப் புடிச்சிப் புடிச்சித் திருப்புறானா?” என்று ஒருநாள் கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். ஏர்பஸ் 320இல் பெடலுக்கு ஆறு பாகை அதிகாரம்தான் உண்டு. தளத்தில் நேராக ஓட அது போதும். முனை திரும்ப, விமானியின் பக்கவாட்டில் டில்லர் என்று கையால் திருப்புகிற ஒரு பிடி இருக்கிறது. அது சக்கரத்தை 75 பாகை வரை திருப்பும்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்ப பெரிய வண்டிக்கு ஸ்டீயரிங் இருக்கு! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

சாயங்காலம் பட்டறையிலிருந்து போன் வந்தது. “மாஸ்டர், டிரைவர் அண்ணன் வந்து ஒரு ஸ்டீயரிங் சொல்லிட்டுப் போயிருக்காரு. அளவெல்லாம் குடுத்துட்டாரு. ஹாரன் வெக்கட்டுமா, வேணாமா?”

வைக்கச் சொல்லிவிட்டேன். ஏர்பஸ்ஸிலும், கீழே நிற்கிற ஊழியர்களைக் கூப்பிட, மூக்குச் சக்கரத்துப் பக்கம் நிஜமாகவே ஒரு ஹாரன் இருக்கிறது.